நெஞ்சுவலி: ஊசி இங்கேயா, மதுரை போயா?

உசிலம்பட்டிப் பக்கம் உங்கள் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணி. அப்பாவுக்கு நெஞ்சை அழுத்துகிற வலி, கொட்டுகிற வியர்வை. அரசு மருத்துவமனையில் இசிஜி எடுத்த டாக்டர், "மாரடைப்புதான். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போடணும், கையெழுத்துப் போடுங்க" என்கிறார். உடனே சொந்தக்காரர் ஒருவர், "இங்க எதுக்குப்பா? நேரா மதுரைக்கே போயிடுவோம்" என்பார்.

அவசரப்பட்டுக் கிளம்பிவிடாதீர்கள். இதய ரத்தக்குழாய் முழுதாக அடைபட்டால் நேரம் போகப் போகத் தசை செத்துக்கொண்டே வரும். பலூன் வைத்து அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிதான் முதல் தேர்வு, சந்தேகமில்லை. ஆனால் இசிஜியில் உறுதியான 2 மணி நேரத்துக்குள் அது நடக்க வேண்டும். மதுரை 40 கி.மீ. தானே என்று தோன்றும். வண்டி வந்து, ஏற்றி, அங்கே இறக்கி, கேத் லேப் தயாராகும் வரை கணக்குப் போடுங்கள். "ரெண்டு மணி நேரத்துக்குள்ள அங்க பலூன் வைக்க முடியுமா டாக்டர்?" என்று கேளுங்கள். முடியாது என்றால் ஊசியை அங்கேயே போட்டுக்கொள்வதுதான் சரி. வலி தொடங்கிய முதல் 3 மணி நேரத்தில் அது நன்றாக வேலை செய்யும். 12 மணி நேரம் வரை போடலாம்.

ஊசியோடு முடிந்ததென்று வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது. அடுத்து 108-ல் அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குப் போய், 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் செய்ய வேண்டும். வலி குறையாவிட்டால் உடனேயே. இப்படிச் சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து, தமிழ்நாட்டில் 2,420 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தார்கள்.

எல்லா மாரடைப்புக்கும் இந்த ஊசி கிடையாது. இசிஜி பார்த்து டாக்டர்தான் சொல்வார். ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. பக்கவாதம், சமீபத்திய ஆபரேஷன், குடல்புண் ரத்தப்போக்கு, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எதையும் மறைக்காதீர்கள்.

பக்கத்தில் துணை சுகாதார நிலையம் மட்டும்தான் இருக்கிறதா? 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் வேளை மாத்திரைகள் அங்கேயே தருகிறார்கள். நோயாளியை பைக்கில் உட்கார வைக்காமல் 108-ஐ அழையுங்கள். இசிஜியை போனில் படம் எடுத்து, ஊசி போட்ட நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மதுரை டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். காப்பீட்டு அட்டையைத் தேடி வீட்டில் நிற்க வேண்டாம், பின்னால் யாராவது கொண்டுவரலாம்.