சுவரைக் குத்திய கை!

2024-ம் வருடம், மழைக்காலத்தில் ஒரு காலை. பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். இருபத்தெட்டு வயதிருக்கும். வலது கை முஷ்டி வீங்கிப் போயிருந்தது.

"சொவருல ஓங்கிக் குத்திட்டான் டாக்டரே. கேட்டா கம்ப்யூட்டர் சரியில்லங்கான்."

விசாரித்தேன். ராத்திரி பணம் கட்டி ஆன்லைனில் போக்கர் சீட்டு ஆடியிருக்கிறான். லேப்டாப்பில் விரலால் தடவும் பட்டை இருக்கிறதல்லவா, அதில் உள்ளங்கை பட்டுவிட்டது. திரையில் அம்புக்குறி தாவி, சீட்டைக் கவிழ்க்கும் பொத்தானுக்குப் பதில் பந்தயத்தைக் கூட்டும் பொத்தான் அமுங்கிவிட்டது. பாதி மாதச் சம்பளம் போச்சு!

சிரிக்காதீர்கள். பையன் சொன்னதில் நியாயம் உண்டு. மண்வெட்டிக்குப் பிடி போடும்போதுகூட ஆளின் உயரம் பார்ப்போம். லேப்டாப்பிலோ திரையும் விசைப்பலகையும் ஒட்டியே பிறந்தவை. திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினால் கை தூக்கி நிற்கும். கைக்குச் சௌகரியமாக வைத்தால் கழுத்து குனியும்.

முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். வர்ம ஆசான்களுக்குப் பேர்போன மாவட்டம் இது. அடிபட்டால் உடனே தடவச் சொல்லி ஓடி வருவார்கள். எலும்பு முறிந்திருக்கிறதா என்று தெரியாமல் வீக்கத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது. நல்லவேளை, முறிவில்லை.

ஆனால் வேறொன்று அகப்பட்டது. பல மாதமாகவே ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போகிறதாம். உதறினால் சரியாகிறதாம். மணிக்கட்டில் ஒரு குறுகிய சுரங்கம் உண்டு. அதற்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. மணிக்கட்டை மடித்தே வைத்திருந்தால் அந்த நரம்பு நசுங்கும். சுண்டுவிரல் மட்டும் தப்பித்துக்கொள்ளும். இரண்டு புறங்கைகளையும் ஒட்டி, விரல்கள் கீழே பார்க்க ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். இந்த விரல்களில் மதமதப்பு வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

வீக்கம் வற்றியதும் நொச்சி இலை ஒற்றடம். ராத்திரி மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை. லேப்டாப்பைப் பலகைமேல் உயர்த்தி, தனி விசைப்பலகையும் மவுசும் வாங்கச் சொன்னேன். பையன் முகம் மலர்ந்தது.

"அப்பம் இனி தப்பா அமுங்காதுல்லா?"

எனக்குத் திக்கென்றது. மருந்து சொல்கிறேனா, சூதாட்டத்துக்குச் சாணை பிடித்துக் கொடுக்கிறேனா?

அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டேன். "தப்பா அமுங்கினது எத்தனை தடவை மக்கா?"

"ஒரு தடவை."

"பணம் போனது?"

விரல்விட்டு எண்ண ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். அம்மாவின் வளையல் இரண்டும் அடகுக் கடையில் இருந்தன. அம்மாவுக்கே தெரியாது.

இதற்கு என்னிடம் தைலம் இல்லை. மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். போகக் கூச்சப்படுகிறவர்கள் டெலிமானஸ் எண் 14416-ல் இலவசமாகப் பேசலாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதற்கு முன்பே, அம்மாவிடம் அவனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

பிறகொரு நாள் வந்தான். விரல்கள் மரப்பதில்லை. வளையலில் ஒன்றை மீட்டாயிற்றாம்.