கழகமும் களமும்

மாலை வேளையில் அணுசக்தி நகரின் குடியிருப்புகளிடையே நடந்து செல்வோர், திறந்த வெளி கிடைத்த இடமெல்லாம் சிறுவர்கள் பந்தை உதைத்து ஓடுவதைக் காண்பர். தமிழும் மராத்தியும் இந்தியும் கலந்த ஆரவாரம் அங்கே எழும். அச்சிறுவருள் ஒருவன் தன் தந்தையை நோக்கி, “நம் ஊருக்கென்று ஒரு கால்பந்துக் கழகம் உண்டா? அதன் ஆட்டத்தை எங்கே சென்று காண்பது?” என்று வினவினால், தந்தை சற்றுத் தயங்கியே விடை கூற வேண்டியிருக்கும். அத்தயக்கத்திற்குரிய காரணம் யாது என்பதையே இங்கே ஆராயப் புகுகின்றோம்.

கால்பந்து லீகுகள் படிப்படியாக அமைந்தவை. உச்சிப் படியில் செல்வம் மிகுந்த கழகங்கள் ஆடுகின்றன. தொலைக்காட்சி உரிமையாலும் விளம்பரத்தாலும் அவற்றிற்குப் பணம் வருகின்றது. கீழ்ப் படியில் உள்ள கழகத்தின் நிலை வேறு. அதனைத் தொலைக்காட்சியில் காண்போர் குறைவு. அதனை நாடும் விளம்பரக்காரரும் குறைவு. அதனை வாழவைக்க வேண்டியவர்கள் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு மைதானத்திற்குள் வரும் ஊரார்தாம். ஆகவே பெருங்கழகத்தைக் காட்டிலும் சிறுகழகத்திற்கே சொந்த மைதானம் இன்றியமையாதது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பர் நம் பெரியோர். இங்கே சுவராக நிற்பது மைதானம்.

மும்பையின் கதையைப் பார்ப்போம். ரோவர்ஸ் கோப்பைப் போட்டி 1891ஆம் ஆண்டிலேயே இந்நகரில் தொடங்கியது. ஓவல் மைதானத்தை அடுத்துள்ள கூப்பரேஜ் மைதானம் நெடுங்காலம் அப்போட்டியின் இருப்பிடமாக விளங்கிற்று. பிற்காலத்தில் மகீந்திரா யுனைடெட், ஏர் இந்தியா, ஓ.என்.ஜி.சி. ஆகிய நிறுவன அணிகள் இந்நகரின் பெயரைத் தேசிய லீகில் நிலைநாட்டின. மகீந்திரா யுனைடெட் 2005-06 பருவத்தில் தேசிய லீகின் வாகையரே ஆயிற்று. ஆயினும் 2010இல் அந்நிறுவனம் தன் அணியைக் கலைத்துவிட்டது. ஏர் இந்தியாவும் ஓ.என்.ஜி.சி.யும் கழகங்களுக்கு விதிக்கப்பட்ட உரிம நிபந்தனைகளை நிறைவு செய்யாமையால் 2013இல் ஐ-லீகிலிருந்து நீங்க நேர்ந்தது.

இந்நிலையில் 2007இல் மும்பை எஃப்.சி. என்னும் கழகம் தோன்றியது. அது 2008இல் இரண்டாம் பிரிவில் வென்று ஐ-லீகிற்கு உயர்ந்தது. ஆனால் கூப்பரேஜ் மைதானம் புதுப்பிக்கப்பட்ட காலத்தில், ‘மும்பை’ என்று பெயர் பூண்ட அக்கழகம் ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள புனே நகரின் பாலேவாடி அரங்கில் தன் ‘சொந்த ஊர்’ ஆட்டங்களை ஆட வேண்டியதாயிற்று. மான்குர்டிலோ தாராவியிலோ வாழும் ஒரு தொழிலாளி வேலை முடிந்து புனேக்குச் சென்று, ஆட்டம் பார்த்துவிட்டு, மறுநாட் காலை வேலைக்குத் திரும்புவது எங்ஙனம்? புதிய செயற்கைப் புல்லும் ஏறத்தாழ 5,000 இருக்கைகளும் கொண்டு கூப்பரேஜ் மீண்டும் திறந்தது. கழகமும் திரும்பி வந்தது. எனினும் இடையில் விட்டுப்போன பழக்கம் எளிதில் மீள்வதில்லை. 2016-17 பருவத்தில் கடைசி இடம் பெற்றுக் கீழிறங்கிய மும்பை எஃப்.சி., பின்னர் கலைந்தே போயிற்று.

இங்கே ஒருவரைக் குறிப்பிடல் தகும். காலித் ஜமீல் என்பார் மகீந்திரா யுனைடெட், ஏர் இந்தியா, மும்பை எஃப்.சி. ஆகிய மூன்றிலும் ஆடியவர், மும்பை எஃப்.சி.க்குப் பல ஆண்டுகள் பயிற்றுநராகவும் இருந்தவர். அவர் மும்பையை விட்டு மிசோரம் மாநிலத்தின் ஐஸ்வால் கழகத்திற்குச் சென்றார். மும்பை எஃப்.சி. வீழ்ந்த அதே 2016-17 பருவத்தில், ஐஸ்வால் அவருடைய பயிற்சியில் ஐ-லீக் பட்டத்தை வென்றது. 2025இல் அவர் இந்திய அணியின் பயிற்றுநராகவும் நியமனம் பெற்றார். ஆனால் அவரை ஆளாக்கிய அம்மூன்று மும்பைக் கழகங்களுள் ஒன்றேனும் இன்று தேசிய லீகில் இல்லை. இந்நகரில் ஆற்றல் குன்றவில்லை. ஆற்றல் வேரூன்றி நிற்பதற்கான நிலைக்களமே குன்றியது.

தமிழகத்திலும் இதற்கொப்பான ஒரு வரலாறு உண்டு. சென்னை சிட்டி எஃப்.சி., கீழ்ப்பிரிவில் வென்று ஏறாமல், விண்ணப்பத்தின் வழியே நேராக 2016-17இல் ஐ-லீகில் இடம் பெற்றது. லீகை விரிவாக்க விரும்பும் அமைப்புகள் இவ்வாறு புதிய நகரங்களுக்கு நேரடி இடம் அளிப்பது உண்டு. பெயரில் சென்னை இருந்தும், அக்கழகம் பின்னர்க் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கைத் தன் இல்லமாகக் கொண்டது. 2019 மார்ச் 9 அன்று அவ்வரங்கில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்ற கணக்கில் வென்று, ஈஸ்ட் பெங்கால் கழகத்தை ஒரே புள்ளியால் பின்தள்ளிப் பட்டம் சூடியது. ஆயினும் அந்நாளில் ஐ-லீகின் வாகையர் இந்தியன் சூப்பர் லீகிற்கு உயர வழி இல்லை. ஐ-லீகில் வென்று மேலேறும் வாயில் 2022-23 பருவத்திற்கு முன் திறக்கவில்லை. பட்டம் வென்ற இரண்டே ஆண்டுகளுக்குப் பின், 2021-22 பருவத்தின் ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயர் காணப்படவில்லை. நேரடியாகக் கிடைத்த இடமும் நிலைக்கவில்லை. உழைத்துப் பெற்ற பட்டமும் அதனைக் காக்கவில்லை.

இத்துன்பம் நமக்கே உரியதன்று. அமெரிக்க நாட்டின் கீழ்ப்பிரிவுக் கால்பந்தும் இதே வினாவோடு போராடி வருகின்றது. அங்கே நெடுங்காலமாக ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கட்டணம் செலுத்தி விதிகளுக்கு உட்படும் புதிய நகரங்களைச் சேர்த்தே லீக் விரிகின்றது. ஆயினும் மைதானத்தைப் பற்றி அவர்கள் எழுத்திலேயே விதி வகுத்துள்ளனர்: முதற் பிரிவிற்கு 15,000 இருக்கைகள், இரண்டாம் பிரிவிற்கு 5,000, மூன்றாம் பிரிவிற்கு 1,000. இரண்டாம் பிரிவிற்கு அவர்கள் கேட்கும் அளவு, நம் கூப்பரேஜின் அளவே என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க.

லூயிவில் நகரக் கழகம் 2015இல் பேஸ்பால் அரங்கு ஒன்றில் ஆடத் தொடங்கிற்று. ஊரார் திரண்டு வந்தனர். அதன் பின்னரே, 2020இல், கால்பந்துக்கென்றே கட்டிய புதிய அரங்கில் அது குடியேறியது. ராச்செஸ்டர் நகரிலோ, 1999இல் அமெரிக்கத் திறந்த கோப்பையை வென்று புகழ் பெற்ற கழகத்திற்கு 2006இல் 13,000க்கும் மேற்பட்ட இருக்கைகளோடு தனி அரங்கு எழுந்தது. எனினும் 2017க்குப் பின் அக்கழகம் ஆட்டத்தையே நிறுத்திக்கொண்டது. ஆகவே அரங்கு ஒன்றே போதும் என்று கொள்வதும் பிழை. அரங்கின் அளவும் செலவும் ஊரின் ஆர்வத்திற்கும் வருவாய்க்கும் பொருந்த வேண்டும். அந்நாட்டின் யு.எஸ்.எல். லீகில் 2028 முதல் ஏற்ற இறக்க முறையைக் கொணர்வதென 2025இல் கழக உரிமையாளர்கள் முடிவு செய்துள்ளனர். அம்முறை வரும்போது, கீழிறங்கும் ஆண்டிலும் கழகத்தைக் கைவிடாத ஊராரின் அருமை இன்னும் நன்கு விளங்கும்.

மீண்டும் மும்பைக்கு வருவோம். இந்தியன் சூப்பர் லீகில் 2014இல் தோன்றிய மும்பை சிட்டி எஃப்.சி., முதலில் நவி மும்பையின் நேருலில் உள்ள டி. ஒய். பாட்டீல் அரங்கில் ஆடியது. ஏறத்தாழ 55,000 பேர் கொள்ளும் கிரிக்கெட் அரங்கு அது. 2016இல் அக்கழகம் அதனை விடுத்து, ஏழாயிரம் பேர் அளவே கொள்ளும் அந்தேரி விளையாட்டு வளாகத்திற்கு மாறியது. கால்பந்து ஆடுவோரை அண்மையில் இருந்து காண உதவும் சிற்றரங்கம் அது. பாதிக்கு மேல் வெறுமையாய்க் கிடக்கும் பேரரங்கை விட, நிறைந்து ஒலிக்கும் சிற்றரங்கமே ஆட்டக்காரனுக்கு ஊக்கம் தருவது. இரண்டாம் படியிலோ கெங்கரே எஃப்.சி. என்னும் மும்பைக் கழகம் ஐ-லீகை எட்டியது. ஆனால் 2022-23 பருவத்தின் முடிவில் கீழிறங்கியது. பெருநகராகிய மும்பையில் முதற்படிக் கழகம் ஒன்று நிலைபெற, அதன் கீழ்ப்படி இவ்வாறு ஆட்டங் கண்டது.

கீழ்ப்படி ஆடினால் நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. அணுசக்தி நகரிலும் செம்பூரிலும் தாராவியிலும் பந்தை உதைக்கும் நம் சிறுவர்கள் ஒரே தாவலில் உச்சிப் படிக்குச் சென்றுவிட முடியாது. அவர்கள் முதலில் கால் வைக்க வேண்டியது கீழ்ப்படியில்தான். அப்படி இல்லையேல் ஏணியே இல்லை.

ஆகவே, புதிய கழகம் ஒன்று தோன்றுகின்றது என்னும் செய்தி வரும்போது, அதன் சின்னத்தையும் சட்டை நிறத்தையும் கேட்கும் முன் மூன்று வினாக்களைக் கேட்போமாக. அது ஆடும் மைதானம் எத்தனை ஆண்டுகளுக்கு அதற்கு உறுதி? மாலை வேலை முடிந்தவன் ரயிலிலோ பேருந்திலோ அங்கே சென்று இரவே வீடு திரும்பலாமா? அக்கம்பக்கத்துச் சிறுவர்கள் அங்கே பயிற்சி பெறலாமா? இம்மூன்றிற்கும் நல்விடை கிடைக்குமாயின், சிறுவனின் கேள்விக்குத் தந்தை தயங்க வேண்டியதில்லை. “வா, அடுத்த வண்டியிலேயே போய்ப் பார்ப்போம்” என்று அவனுடைய கையைப் பற்றிக்கொண்டு மான்குர்டு நிலையத்தை நோக்கி நடந்துவிடலாம்.