பெயர் தெரியாத குட்டிக் கார்

சுட்டிகளே, ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். அதில் மூன்றே சக்கரங்களோடு ஒரு குட்டிக் கார். பெயர் எங்கும் தெரியவில்லை. அது எந்தக் கார் என்று கண்டுபிடிக்க முடியுமா? துப்பறியத் தெரிந்தால் முடியும்!

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் பணத்துக்கும் பெட்ரோலுக்கும் தட்டுப்பாடு. ஜெர்மனியில் விமானம் செய்யத் தடை இருந்ததால், விமானக் கம்பெனிகள்கூடக் குட்டிக் கார் செய்ய இறங்கின. பிரிட்டனிலோ எடை குறைந்த மூன்று சக்கர வண்டிக்கு அப்போது வரி குறைவு. அதை ஓட்ட மோட்டார் சைக்கிள் லைசென்ஸே போதுமானதாக இருந்தது. சின்னக் கம்பெனிகள் பல முளைத்தது இதனால்தான்.

தடயம் 1: ஒற்றைச் சக்கரம் எந்தப் பக்கம்?

முன்னால் என்றால் பிரிட்டனின் பாண்ட் மினிகாராகவோ ரிலையன்டாகவோ இருக்கலாம். பின்னால் என்றால் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட், ஹைன்கெல் பக்கம் தேடுங்கள்.

இதில் ஓர் அறிவியல் இருக்கிறது. மூன்று சக்கரங்களும் தரையைத் தொடும் இடங்களைக் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். வண்டியின் பாரம் அதற்குள் விழும்வரை வண்டி கவிழாது. வளைவில் திரும்பும்போதே பிரேக் போட்டால், பாரம் முன்பக்கமாகவும் வெளிப்பக்கமாகவும் சாயும். முன்னால் இரண்டு சக்கரம் இருந்தால், சாய்கிற மூலையில் ஒரு சக்கரம் தாங்கிக்கொள்ளும். ஒன்றுதான் என்றால் அந்த மூலை காலி! வண்டி கவிழப் பார்க்கும்.

அப்படியானால் முன்னால் ஒற்றைச் சக்கரம் எதற்கு? ஸ்டியரிங் அமைப்பது சுலபம். பின்னால் இடமும் தாராளம். பாண்ட் மினிகாரில் இன்னொரு வித்தை: என்ஜினே முன்சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும். சக்கரம் ஏறக்குறைய செங்கோணத்துக்குத் திரும்புவதால், குறுகிய தெருவிலும் வண்டியைத் திருப்பிவிடலாம்.

தடயம் 2: கதவு எங்கே?

கார் முகமே கதவாகத் திறந்தால் அது இசெட்டா என்ற காரா, ஹைன்கெலா? இரண்டிலும் மூன்று சக்கர வகை உண்டு. பலர் ஏமாறுவது இங்கேதான். கதவு திறந்திருக்கும் படம் கிடைத்தால் உற்றுப் பாருங்கள். ஸ்டியரிங்கும் கதவோடு வெளியே வந்தால் இசெட்டா. அது அசையாமல் உள்ளேயே நின்றால் ஹைன்கெல்.

போர் விமானத்தில் இருப்பதுபோல் கண்ணாடிக் கூரை பக்கவாட்டில் திறந்து, இருவர் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தால் மெஸ்ஸர்ஷ்மிட். இதன் கேஆர்200 மாடலில் தனி ரிவர்ஸ் கியர் கிடையாது. என்ஜினை நிறுத்தி, எதிர்த்திசையில் சுற்றும்படி மறுபடி கிளப்புவார்கள். டூ ஸ்ட்ரோக் என்ஜின் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஓடும். அதனால் பின்னோக்கியும் நான்கு கியர்!

தடயம் 3: காந்தம் ஒட்டுகிறதா?

நிஜக் கார் எதிரே நின்றால், துணி சுற்றிய சிறு காந்தத்தை மெதுவாக வைத்துப் பாருங்கள். உரிமையாளரைக் கேட்டுவிட்டுத்தான்! ஒட்டினால் இரும்புத் தகடு. ஒட்டாவிட்டால் ஃபைபர் கிளாஸாகவோ அலுமினியமாகவோ இருக்கலாம். இரும்புத் தகட்டை வளைக்கப் பெரிய அச்சும் அழுத்தும் இயந்திரமும் வேண்டும். ஃபைபர் கிளாஸுக்கு ஓர் அச்சும் கைவேலையும் போதும். அதனால் சின்னக் கம்பெனிகளுக்கு அது மிகவும் பிடிக்கும். 1970களில் பெங்களூரில் தயாரான ‘பாதல்’ என்ற மூன்று சக்கரக் காருக்கும் ஃபைபர் கிளாஸ் உடல்தான்.

உஷார், பொய்த் தடயம்!

என்ஜினில் ‘சாக்ஸ்’ என்று எழுதியிருந்தால் காரின் பெயரும் சாக்ஸ் என்று முடிவுகட்டாதீர்கள். சின்னக் கம்பெனிகள் பெரும்பாலும் என்ஜினை வெளியே வாங்கித்தான் பொருத்தின. மெஸ்ஸர்ஷ்மிட்டிலும் ஃபுல்டாமொபில் என்ற காரிலும் சாக்ஸ் என்ஜின் உண்டு. ஒரே கார் நாட்டுக்கு நாடு பெயர் மாறுவதும் உண்டு. ஃபுல்டாமொபில் பிரிட்டனில் ‘நோபெல்’ ஆனது; ஹைன்கெல் ‘டிரோஜன்’ ஆனது. ஆகவே ஒரு தடயத்தோடு நிறுத்தாமல், இரண்டு மூன்றைச் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் முறை. ஒரே இருக்கை, ஒரே கதவு, ஒரே முகப்பு விளக்கு. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. நீளம் 137 செ.மீ. ரிவர்ஸ் கியர் இல்லை. பின்னால் உள்ள கைப்பிடியைப் பிடித்து வண்டியைத் தூக்கி, கையாலேயே திருப்பி வைக்க வேண்டும். இது எந்தக் கார்?

விடை: பீல் பி50. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள மான் தீவில் 1960களில் செய்யப்பட்டது. உலகிலேயே மிகச் சிறிய தயாரிப்புக் கார் என்று கின்னஸ் சாதனை பெற்றது இதுதான்!