கடல் தாண்டும் கணக்கு – 6: இறங்குவது பாரிஸ், ஏறுவது ரோம்

சிவகாசிக்கு ஆண்டு விடுமுறை மே மாதத்தில் வருவதில்லை. தீபாவளிக்கு மறுநாள் வருகிறது. போனஸ் பட்டுவாடா முடிந்து, வெளியூர் பாக்கியை வசூலிக்க ஆள் அனுப்பிவிட்டு, பட்டாசு ஆலைகள் கதவைச் சாத்துகின்றன. மறுபடி பூஜை போட்டு வேலை தொடங்கச் சில வாரங்கள் ஆகும். அச்சகங்களின் கதை வேறு. ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியிட்டதும் பிடிக்கிற ஓட்டம், கடைசிக் கட்டு லாரி ஏறும்வரை நிற்காது. அவர்கள் மூச்சுவிடுவது தைப்பொங்கலுக்குப் பிறகுதான்.

ஐரோப்பாவுக்கு டிக்கெட் விலை இறங்குகிற பருவங்களும் ஆண்டில் இரண்டு. ஒன்று, நவம்பர் தொடங்கி டிசம்பர் நடுப்பகுதிக்கு முன்புவரை. மற்றொன்று, ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம்வரை. முன்னது பட்டாசுக்காரர்களின் ஓய்வு, பின்னது காலண்டர்காரர்களின் ஓய்வு. வேறு ஊர்க்காரர்கள் லீவு கேட்டு அலைந்து பிடிக்க வேண்டிய தேதிகள் இந்த ஊருக்குத் தொழிலே தந்தவை. ஆனாலும், "மே மாசம் எல்லாரும் போறாங்க, நாமளும் போயிருவோம் அண்ணாச்சி" என்று கூட்டத்தோடு கூட்டமாகக் கிளம்பி, உச்ச விலை கொடுப்பவர்களே அதிகம்.

சென்ற வாரம் பாஸ்போர்ட்டைப் பார்த்தோம். இந்த வாரம் டிக்கெட். அதுவும் ஒரே பயணத்தில் மூன்று நான்கு ஊர்களைப் பார்ப்பவர்களுக்கான டிக்கெட்.

ஒரே இருக்கை, பல விலை

விமான நிறுவனங்களின் குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறு தொடங்குகிறது. ஐரோப்பியப் பள்ளிகளின் கோடை விடுமுறை முடிந்து, கிறிஸ்துமஸ் கூட்டம் இன்னும் தொடங்காத இடைவெளி அது. இருக்கை காலியாகப் பறப்பதைவிடக் குறைத்து விற்பது மேல் என்று நிறுவனங்கள் நினைக்கிற நேரம்.

ஒரே விமானத்தின் எகானமி இருக்கைகளையே பல விலைப் பிரிவுகளாக வகுத்து வைத்திருப்பார்கள். மலிவுப் பிரிவு தீர்ந்தால் அடுத்த பிரிவு திறக்கும். விருதுநகர் மார்க்கெட்டில் வரத்தைப் பார்த்து வத்தல் விலை ஏறி இறங்குவது போலத்தான். ஆகவே, 'செவ்வாய்க்கிழமை வாங்கினால் மலிவு' என்கிற சூத்திரங்களை நம்ப வேண்டாம். பயண நாளை இரண்டு மூன்று நாள் முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள். வித்தியாசம் அங்கேதான் தெரியும். கூகுள் ஃப்ளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் இரண்டிலும் மாதம் முழுவதற்குமான விலையை ஒரே பார்வையில் பார்க்கலாம்.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஒரு நுணுக்கம். நான்கு பேருக்கு ஒன்றாகத் தேடும்போது, மலிவுப் பிரிவில் மூன்று இருக்கைதான் மிச்சம் என்றால், நான்கு பேருக்குமே அடுத்த விலையைக் காட்டும் வாய்ப்பு அதிகம். முதலில் ஒருவருக்கு, பிறகு மூவருக்கு, பிறகு நால்வருக்குத் தேடுங்கள். தலைக்கு இவ்வளவு என்ற எண் எங்கே ஏறுகிறது என்று தெரிந்துவிடும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். நவம்பர் கடைசியில் பாரிஸில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். சுவிஸ் மலைகளில் சில கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நவம்பரில் நிறுத்திவைப்பார்கள். யுங்ஃபிராவ்யோக் ரயில் மட்டும் ஆண்டு முழுவதும் ஓடும். பிப்ரவரியில் போகும் அச்சகக்காரர்களுக்கு இன்னொரு கவனம்: டிக்கெட் மலிவாக இருந்தாலும், பனிச்சறுக்குப் பருவத்தில் ஆல்ப்ஸ் மலை ஊர்களின் அறை வாடகை உச்சத்தில் நிற்கும். அந்த மாதத்துக்கு இத்தாலியும் ஸ்பெயினும் பொருத்தம்.

போன வழியே திரும்ப வேண்டாம்

நம்மவர்கள் வழக்கமாகப் போடும் திட்டம்: சென்னை–பாரிஸ் போக வர டிக்கெட். பாரிஸில் இறங்கி, சுவிட்சர்லாந்து, வெனிஸ், ரோம் பார்த்துவிட்டு, மறுபடி பாரிஸுக்கு வந்து விமானம் ஏறுவது. இந்தத் திரும்பி வருதலில்தான் பணம் கரைகிறது. ரோம்–பாரிஸ் விமானம், அதற்குப் பெட்டிக் கட்டணம், பாரிஸில் இன்னோர் இரவு அறை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு முழுநாள்.

பாரிஸில் இறங்கி ரோமில் ஏறலாமே! தேடும் தளத்தில் 'மல்ட்டி சிட்டி' என்ற பகுதியில், முதல் வரியில் சென்னை–பாரிஸ், இரண்டாவது வரியில் ரோம்–சென்னை என்று போடுங்கள். ஏஜென்ட்டுகள் இதை 'ஓப்பன் ஜா' என்பார்கள். ஒரே நிறுவனத்திலோ அதன் கூட்டாளி நிறுவனங்களிலோ எடுத்தால், இரண்டு போக வரக் கட்டணங்களின் பாதியைக் கூட்டியது போலத்தான் பெரும்பாலும் விலை அமையும். சென்னை–பாரிஸ் போக வர 60,000 ரூபாய், சென்னை–ரோம் போக வர 56,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாரிஸில் இறங்கி ரோமில் ஏறும் டிக்கெட் 58,000 ரூபாயை ஒட்டி வரும். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், முறை இதுதான். இதையே இரண்டு தனித்தனி ஒருவழி டிக்கெட்டாக எடுத்தால், பெரிய நிறுவனங்களில் பெரும்பாலும் விலை எகிறிவிடும்.

நடுவில் இருக்கும் ஊர்களை விமான டிக்கெட்டில் சேர்க்கவே வேண்டாம். பாரிஸிலிருந்து சூரிச் ரயிலில் சுமார் 4 மணி நேரம். சூரிச்–மிலான் மூன்றரை மணிக்குள். மிலான்–வெனிஸ் இரண்டரை மணி. வெனிஸ்–ரோம் 4 மணி. இந்த ரயில்களுக்கும் முன்கூட்டி எடுத்தால் ஒரு விலை, அன்றைக்கு எடுத்தால் வேறொரு விலை.

அச்சகக்காரர்களுக்கு இந்த முறை இன்னொரு விதத்திலும் உதவும். ஹைடல்பெர்க் இயந்திரத்தோடு புழங்குகிற ஊருக்கு, ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரில் நடக்கும் 'துரூபா' அச்சுத் தொழில் கண்காட்சியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்தது 2028 மே 9 முதல் 17 வரை. ஜெர்மனியில் இறங்கிக் கண்காட்சியை முடித்துவிட்டு, வீட்டாரோடு நாலு இடம் பார்த்து வேறு நாட்டிலிருந்து திரும்புவதற்கு இதைவிடத் தோதான டிக்கெட் கிடையாது.

வாசற்படியிலிருந்து கணக்கு

விருதுநகர் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. பக்கத்திலிருக்கும் மதுரையிலிருந்து ஐரோப்பாவுக்கு நேரடி விமானம் இல்லை. ஆகவே மூன்று வாசல்களையும் ஒப்பிட வேண்டும்.

சென்னையிலிருந்து லுஃப்தான்சா ஃபிராங்ஃபர்ட்டுக்கும், ஏர் பிரான்ஸ் பாரிஸுக்கும் நேரடியாகப் பறக்கின்றன. எமிரேட்ஸ், கத்தார், எத்திஹாட் ஆகியவை வளைகுடா வழியாகப் போகும். பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு சிவகாசியில் ஏறினால், விடிவதற்குள் தாம்பரம். விமான நிலையம் அங்கிருந்து கிட்டத்தில்தான்.

திருவனந்தபுரத்தை நம்மவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் காரில் போனால் 200 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். சென்னைத் தொலைவில் பாதிகூட இல்லை. வளைகுடா நிறுவனங்கள் அங்கிருந்தும் பறக்கின்றன.

மதுரையிலிருந்தே கிளம்ப விரும்பும் வயதானவர்களுக்கு, ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸில் கொழும்பு வழியாக ஒரே டிக்கெட்டில் போகும் வழியும் உண்டு. டிக்கெட் ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும், ரயில், கார், சென்னை லாட்ஜ் செலவுகளைச் சேர்த்துப் பார்த்தால் அதுவே மலிவாகலாம். வீட்டு வாசலிலிருந்து ஹோட்டல் வாசல் வரையிலான மொத்தத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. ஐரோப்பா விமானங்கள் பல, சென்னையிலிருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்புபவை. டிக்கெட்டில் 15-ஆம் தேதி அதிகாலை 1.50 என்றிருந்தால், 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். சிவகாசியில் ரயில் ஏறுவது 13-ஆம் தேதி இரவு, அல்லது 14-ஆம் தேதி பகலில் ஏதாவது ஒரு வண்டி.

தனித்தனி டிக்கெட்டின் ஆபத்து

மதுரை–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–பாரிஸ் வேறு டிக்கெட் என்று பிரித்து எடுத்தால் சில நேரம் மலிவாக வரும். ஆனால் மதுரை விமானம் தாமதமாகிப் பாரிஸ் விமானத்தைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. ஒரே பி.என்.ஆர். என்றால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் கடமை. பிரித்து எடுத்தே தீருவேன் என்றால், முந்தின நாளே சென்னைக்குப் போய்விடுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கும். ஒருவர் மதுரையிலிருந்து ஒரே டிக்கெட்டாக எடுத்திருப்பார். இடையில் சென்னையில் ஒரு கல்யாணம் வரும். முன்னதாகவே ரயிலில் போய்விட்டு, சென்னையில் ஏறிக்கொள்ளலாம் என்று நினைப்பார். முதல் பகுதியில் ஏறவில்லை என்றால், பொதுவாக மீதி அத்தனையும், திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்ந்து, ரத்தாகிவிடும்.

வளைகுடா வழி பெரும்பாலும் மலிவு. ஆனால் வான்வெளி என்பது அரசியலும்தான். 2025 ஜூன் 23 இரவு கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியபோது, உலகம் முழுக்கப் பயணிகள் ஆங்காங்கே சிக்கிக்கொண்டார்கள். அந்த மாதிரி இரவில்தான் ஒரே பி.என்.ஆரின் அருமை புரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261-ஆம் எண் விதியும் தெரிந்திருக்க வேண்டியது. ஒன்றியத்திலிருந்து புறப்படும் எந்த நிறுவன விமானத்துக்கும் அது பொருந்தும். நம் ஊரிலிருந்து அங்கே போகும்போது, ஐரோப்பிய நிறுவன விமானத்துக்கு மட்டும் பொருந்தும். நிறுவனத்தின் தவறால் நீண்ட தாமதமோ ரத்தோ ஆனால், தொலைவுக்கு ஏற்ப 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம்.

நடுவில் லண்டன் வேண்டுமா?

ஷெங்கன் விசா ஒன்றே 29 நாடுகளுக்கும் போதும். பிரிட்டன் அதில் இல்லை. பாரிஸ்–லண்டன்–ரோம் என்று திட்டமிட்டால், பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும். லண்டன் போய்விட்டு மறுபடி உள்ளே நுழைவதால், ஷெங்கன் விசாவிலும் ஒன்றுக்கு மேற்பட்ட நுழைவு அனுமதி இருக்க வேண்டும். லண்டனில் விமானம் மாறி ரோமுக்குப் போகும் டிக்கெட் மலிவாகக் கண்ணில் பட்டாலும், பிரிட்டனின் டிரான்சிட் விசா தேவையா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஷெங்கன் விசா கையில் இருப்பது அதற்கு ஈடாகாது.

விசாவுக்கு முன்பே டிக்கெட்டுக்கு முழுப் பணமும் கட்ட வேண்டியதில்லை. பொதுவாக முன்பதிவு விவரம் போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். 2026-இல் தீபாவளி நவம்பர் 8. அதை ஒட்டிப் போகிறவர்கள், ஆவணி பிறந்து வியாபாரம் சூடுபிடிக்கும் முன்பே சென்னைக்குப் போய்க் கைரேகை கொடுத்துவிடுவது உசிதம். விசா வருமுன் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும் என்றால், ரத்துக் கட்டணம் எவ்வளவு என்று பார்த்து, திரும்பப் பணம் கிடைக்கும் வகையை எடுங்கள்.

பேக்கேஜ் டூரில் பணம் கட்டினால் டி.சி.எஸ். வரி பிடிப்பார்கள். விமான டிக்கெட்டை மட்டும் தனியாக வாங்கினால், அது டூர் பேக்கேஜ் கணக்கில் வராது என்று வருமான வரித் துறை 2023-இலேயே விளக்கிவிட்டது. பிடித்த வரியை ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம்தான். அதுவரை பணம் முடங்கும்.

பெட்டியும் பட்டாசும்

ஐரோப்பாவுக்குள் ரயன்ஏர், விஸ்ஏர் போன்றவை சில நேரம் பஸ் கட்டணத்துக்கே டிக்கெட் விற்கும். அதில் சிறு பை ஒன்றுதான் இலவசம். பெரிய பெட்டிக்குத் தனிப் பணம். இறங்கும் இடத்தையும் பாருங்கள். பாரிஸ் என்று விற்கும் போவே விமான நிலையம், நகரத்திலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். மிலான் என்று விற்கும் பெர்கமோ சுமார் 50 கிலோமீட்டர். பஸ் செலவைச் சேர்த்தால் ரயிலே மேல் என்று பல நேரம் தெரியவரும்.

ம்யூனிக்கிலோ ஆம்ஸ்டர்டாமிலோ இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பாக்கெட் கம்பி மத்தாப்பு கொண்டுபோகும் ஆசை இந்த ஊரில் இயல்பு. கூடவே கூடாது. மத்தாப்பு, பாம்பு மாத்திரை, தீப்பெட்டிக் கட்டு எதுவும் கைப்பையிலும் செல்லாது, பெரிய பெட்டியிலும் செல்லாது. ஆலைக்குக் கொண்டுபோகும் பையையும் செருப்பையும் பயணத்துக்கு எடுக்காதீர்கள். கருமருந்தின் துகள் ஒட்டியிருந்தால், பாதுகாப்புச் சோதனையில் இயந்திரம் காட்டிக்கொடுத்து விசாரணை நீளலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் அனுமதியில்லை. பால் பொருள்களைப் பயணிகள் வெளியிலிருந்து கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருக்கிறது. சாத்தூர் சேவு தாராளமாகப் போகலாம்.

வரிசை இதுதான்: முதலில் மாதம், அடுத்து இறங்கும் ஊரும் ஏறும் ஊரும், பிறகு கிளம்பும் விமான நிலையம், கடைசியாகத்தான் நிறுவனம். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்து, விளம்பரத்தில் பார்த்த நிறுவனத்தில் தொடங்கி, மிச்சத்தை அதற்குள் திணிக்கிறார்கள். தேதி கையில் இருக்கிற ஊர்க்காரர்கள் அப்படிச் செய்யத் தேவையே இல்லை.

அடுத்த வாரம்: விசா கோப்பு. சொந்தத் தொழில் செய்பவர்கள் வருமானத்தைக் காட்டுவது எப்படி, மூன்று நாடு போனால் எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது?

(தொடரும்)