கார் ஷெட்டில் பிறக்கும் விமானமும் அதன் கூச்சலும்

விமானம் என்றால் நமக்கு டிக்கெட் எடுத்து ஏறுவதுதான். அமெரிக்காவிலோ, வீட்டு கார் ஷெட்டில் தாங்களே விமானம் கட்டிப் பறக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கட்டுமான வேலையில் பாதிக்கு மேல் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் கையாலேயே நடந்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. நமக்குத் தமிழ்ச் சங்கம் போல அவர்களுக்கும் ஒரு சங்கம் உண்டு: 1953-இல் தொடங்கிய எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்.

டெக்சாஸில் இருக்கும் என் அண்ணன் மகனுக்கும் இந்தப் பைத்தியம்தான். இருவர் உட்காரும் விமானம். அதற்கு மாஜ்தா காரின் பழைய 13பி ரோட்டரி இன்ஜின். இன்ஜின் சோதனைக் கூடத்தில் முப்பது வருடம் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உழைத்தவன் நான் என்பதால் என்னிடம் கேட்டான்: "சித்தப்பா, எல்லாம் சரி, சத்தம்தான் தாங்கவில்லை. காருக்கு வைக்கிற சைலன்ஸரையே மாட்டிவிட்டால் என்ன?" கேள்வி சின்னது. ஆனால் பதிலில் அவன் உயிரும் அடங்கியிருக்கிறது. அவனுக்கு எழுதியதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

ஏன் இத்தனை சத்தம்?

ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கல் கண்டுபிடித்த இந்த இன்ஜினில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று கூட்டுக்குள் சுழல்கிறது. மாஜ்தா 1967-இல் இரண்டு ரோட்டர் கொண்ட காஸ்மோ காரை விற்பனைக்கு விட்டது. உடையக்கூடிய உதிரிப் பாகங்கள் குறைவு, அதிர்வும் குறைவு என்பதால் விமானம் கட்டுவோரில் சிலருக்கு இதன்மேல் காதல்.

சாதாரண இன்ஜினில் வால்வு மெல்ல எழும்பிப் புகைக்கு வழிவிடும். 13பி-யில் ரோட்டரின் முனை புகைத் துவாரத்தைக் கடந்ததுமே வழி சட்டெனத் திறந்துவிடும். பிரஷர் குக்கரின் வெயிட்டை ஒரே இழுப்பில் தூக்கினால் எப்படி இருக்கும்? அதே கதைதான். சூடு 900 டிகிரி செல்ஷியஸையும் தாண்டும். தண்டு நிமிடத்துக்கு 6,000 முறை சுழன்றால், இரண்டு ரோட்டரும் சேர்ந்து விநாடிக்கு 200 வெடிகள்!

கார் சைலன்ஸர் ஏன் ஆகாது?

கார் இன்ஜின் முழு மூச்சில் ஓடுவது அபூர்வம். விமான இன்ஜினோ மணிக்கணக்கில் பெரும் பளுவைச் சுமக்கிறது. சைலன்ஸரில் திணித்த பஞ்சு கருகிப் பறந்துவிடும்; வெல்டிங் விரியும். உள்தகடு கழன்று வாயை அடைத்தால், மேலெழும்பும் நேரத்திலேயே இன்ஜின் சக்தி இழக்கும். விரிசல் வழியே கார்பன் மோனாக்ஸைடு விமானி அறைக்குள் புகுந்தால், வாசனையே இல்லாமல் ஆளை மயக்கிவிடும்.

என்ன செய்யலாம்?

புகையை அடைக்கக் கூடாது. ஆற வைத்து அனுப்ப வேண்டும். முதல் தேவை இடம். அகலமான அறைக்குள் புகை விரிந்தால் அழுத்தம் தணியும். அதனுள் துளையிட்ட குழாய் வைத்தால், ஒரே அடியாக வரும் வெடி பல சிறு மூச்சுகளாகப் பிரியும்.

ஒரு முனை மூடிய கிளைக்குழாயும் உதவும். சூடான புகையில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 650 மீட்டர். 200 வெடிகளுக்கு அலைநீளம் மூன்றேகால் மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 80 சென்டிமீட்டர் நீளத்தில் கிளை வைத்தால் திரும்பி வரும் அலை புது அலையை அமுக்கும். இன்ஜின் வேகம் மாறினால் கணக்குத் தப்பும். ஆகவே இதை மட்டும் நம்ப முடியாது.

உலோகத்திலும் கஞ்சத்தனம் கூடாது. உயர்ந்த ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது இன்கோனல்தான் தாங்கும். ஒரு மீட்டர் குழாய் அந்தச் சூட்டில் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் நீளும். ஒன்றினுள் ஒன்று நகரும் இணைப்பு இல்லாவிட்டால் வெடித்துவிடும். டர்போ சார்ஜர் வைத்தவர்களுக்கு அதன் விசிறியே பாதி சைலன்ஸர். 2003 முதல் 2012 வரை வந்த ஆர்எக்ஸ்-8 காரின் ரெனெஸிஸ் இன்ஜினில் புகைத் துவாரம் பக்கச் சுவரில் இருக்கிறது. மெல்லத் திறப்பதால் குரலும் சற்று மென்மை.

எவ்வளவு குறைந்தால் போதும்? 6 டெசிபெல் குறைந்தாலே, கீழே இருப்பவருக்கு விமானம் இரு மடங்கு தூரத்தில் பறப்பது போலக் கேட்கும். 10 டெசிபெல் குறைந்தால் சத்தம் பாதியானது போலத் தோன்றும். அதற்கு மேல் புரொப்பெல்லரின் முறை. 1.8 மீட்டர் விசிறி நிமிடத்துக்கு 2,700 சுற்று சுற்றினால் அதன் நுனி வேகம் விநாடிக்கு 254 மீட்டர். கியர் வைத்து 2,100 ஆக்கினால் 198 மீட்டர்தான். இரைச்சல் வெகுவாகக் குறையும். அக்கம்பக்கத்தார் புகார் செய்தே சின்ன விமானத் தளங்களை மூட வைத்த ஊர்களும் உண்டு. ஆகவே இது காதுக்கு மட்டுமல்ல, பறக்கும் உரிமைக்குமான காப்பு.

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று ஒதுக்க வேண்டாம். பெங்களூர் நேஷனல் ஏரோஸ்பேஸ் லேபாரட்டரீஸும் ராணுவ ஆய்வுக்கூடங்களும் சேர்ந்து உருவாக்கிய 55 குதிரைச் சக்தி வாங்கல் இன்ஜின், 2009-இல் கோலாரில் 'நிஷாந்த்' என்ற ஆளில்லா விமானத்தைத் தூக்கிப் பறந்தது. உளவு பார்க்கப் போகும் விமானம் ஊரைக் கூட்டினால் என்ன பயன்? நம் பிள்ளைகளில் மெக்கானிக்கல் படிப்பவர்கள் கடைசி வருட ப்ராஜெக்டுக்குத் தலைப்புத் தேடினால், இதைவிட நல்ல தலைப்பு கிடைப்பது அரிது.