அறிவும் அதிகாரமும்: இந்தியக் கூட்டாட்சியில் பயங்கரவாதத் தடுப்பும் மாநிலக் காவல்துறையும்

முன்னுரை

கூட்டாட்சி முறையை மேற்கொண்ட நாடுகள் அனைத்திலும் காவல் அதிகாரம் ஒரே வகையில் பகிரப்படுவதில்லை. மலேசியாவும் கூட்டாட்சி நாடுதான். எனினும், இங்குக் காவல்துறை கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி கூட்டரசின் பொறுப்பில் உள்ளது. புக்கிட் அமான் தலைமையகம் முதல் சிற்றூர்க் காவல் நிலையம் வரை இயங்குவது ஒரே படை. உளவு திரட்டும் சிறப்புப் பிரிவும் அப்படையின் ஓர் உறுப்பே. இச்சூழலில் வளர்ந்த நம் மாணவர்களுக்கு, இந்தியாவில் ஒரு மாநிலக் காவல்துறை தான் விசாரித்து வந்த வழக்கை நடுவண் அமைப்பு ஒன்றிடம் ஒப்படைப்பதும், அவ்வாறு ஒப்படைக்க நான்கு நாள் ஆனதே அரசியல் சர்ச்சையாவதும் வியப்பளிப்பது இயல்பே.

இவ்வியப்புக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது. பயங்கரவாதத் தடுப்பில் இந்தியா எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டுக்குச் சட்டங்களின் குறைவோ அமைப்புகளின் குறைவோ முதன்மைக் காரணம் அன்று. செய்தியை அறிந்திருப்பது ஓரிடத்திலும், அதன்மேல் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் வேறோரிடத்திலும் இருப்பதே அதன் வேராகும். இவ்விரண்டையும் இணைக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் எங்கு வென்றன, எங்குத் தோற்றன என்பதைச் சில நிகழ்வுகளின் வழி ஈண்டுக் காணலாம்.

அரசியலமைப்பு வகுத்த எல்லை

இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் முதல் இரு பதிவுகளாக அமைந்தவை பொது ஒழுங்கும் காவல்துறையும் ஆகும். ஒரு மாநிலக் காவல்துறையின் அதிகாரத்தைப் பிறிதொரு மாநிலத்திற்கு விரிவாக்க வேண்டுமாயின், அம்மாநிலத்தின் இசைவு வேண்டும் என்கிறது ஒன்றியப் பட்டியலின் 80ஆம் பதிவு. சி.பி.ஐ. எனப்படும் நடுவண் புலனாய்வுத் துறைகூட 1946ஆம் ஆண்டின் தில்லிச் சிறப்புக் காவல் அமைப்புச் சட்டத்தின் கீழ் இயங்குவதால், மாநிலங்களுக்குள் விசாரணை நடத்த அவற்றின் இசைவைப் பெறவேண்டியுள்ளது. மறுபுறம், மாநிலங்களைப் புறத் தாக்குதலிலிருந்தும் உள்நாட்டுக் குழப்பத்திலிருந்தும் காப்பது ஒன்றியத்தின் கடமை என 355ஆம் உறுப்பு விதிக்கின்றது. கடமை ஒருவரிடமும் கருவி மற்றொருவரிடமும் உள்ள இந்நிலையே பின்வரும் விவாதங்கள் அனைத்திற்கும் தோற்றுவாய் எனலாம்.

உளவுத் துறையில் இப்பிளவு இன்னும் கூர்மையானது. 1887இல் தோன்றிய ஐ.பி. எனப்படும் நடுவண் உளவுத்துறை நாடெங்கிலுமிருந்து செய்தி திரட்டுகின்றது. ஆனால், எவரையும் கைது செய்யும் அதிகாரம் அதற்கு இல்லை. அது திரட்டும் செய்தி நீதிமன்றத்தில் சான்றாகவும் நிற்பதில்லை. செய்தியை வழக்காக மாற்றுவதற்கு ஒரு காவல் நிலையமும் அதில் பதிவாகும் ஒரு முதல் தகவல் அறிக்கையும் தேவைப்படுகின்றன. சுருங்கக் கூறின், அறிந்தவர் கைது செய்ய இயலாது. கைது செய்யக் கூடியவர் பலவேளைகளில் அறிந்திருப்பதில்லை.

ஸ்ரீபெரும்புதூர், 1991

ஒத்துழைப்பு சிறப்புற அமைந்த நிகழ்வுக்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. 1991 மே 21ஆம் நாள் முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் படுகொலை செய்யப்பட்டார். சில நாள்களுக்குள் வழக்கு சி.பி.ஐ.யின் சிறப்புப் புலனாய்வுக் குழுவிடம் சென்றது. அதன் தலைவராக டி.ஆர். கார்த்திகேயன் பொறுப்பேற்றார், தமிழகக் காவல் அதிகாரிகளும் அக்குழுவில் பணியாற்றினர். நிகழ்விடத்தில் கிடைத்த புகைப்படக் கருவியிலிருந்த படச்சுருளே புலன்விசாரணைக்கு வழி திறந்தது. அப்போது தமிழகத் தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன், கொலையாளி உடலில் அணிந்திருந்த வெடிகுண்டின் அமைப்பைச் சிதறல்களிலிருந்து மீட்டுருவாக்கினார். ஓராண்டு நிறைவதற்கு ஒருநாள் முன்னர், 1992 மே 20இல், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது.

இவ்வெற்றியை மதிப்பிடும்போது ஒரு செய்தியை மறத்தலாகாது. அக்காலத்தில் தமிழகத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி நடைபெற்றது. ஆகவே, இசைவு தருவதா மறுப்பதா என்னும் வினாவே எழவில்லை. எல்லாக் காலத்திற்கும் பொருந்தும் முன்மாதிரியாக இதனைக் கொள்ள இயலாமைக்கு அதுவே காரணமாகும்.

மும்பை, 2008

கார்கில் போருக்குப்பின் நடந்த பாதுகாப்பு மறுஆய்வின் விளைவாக, 2001இல் ஐ.பி.யின் கீழ்ப் பன்முகமை மையம் அமைக்கப்பட்டது. பல அமைப்புகள் திரட்டும் செய்திகளை ஒரே மேசையில் வைத்து ஆராய்வது அதன் நோக்கம். மாநிலத் தலைநகரங்களில் அதற்குத் துணை மையங்களும் ஏற்படுத்தப்பட்டன. அமைப்பு இருந்தும் பயன் முழுமையாக விளையவில்லை என்பதை 2008 நவம்பர் 26 காட்டியது.

கடல்வழி வந்த பத்துப் பேர் மும்பையில் நடத்திய தாக்குதலில் 166 பேர் மாண்டனர். மகாராட்டிர அரசு அமைத்த ராம் பிரதான் குழு, உளவு எச்சரிக்கைகள் வந்திருந்தும் அவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்து ஆய்ந்து செயற்படும் முறை இல்லாதிருந்ததைச் சுட்டிக்காட்டியது. எச்சரிக்கை அனுப்புவதும் எச்சரிக்கை பயன்படுவதும் வெவ்வேறு செயல்கள் என்பதே அதன் சாரம்.

அன்றிரவு முதல் எதிர்ப்பைக் காட்டியவர்கள் உள்ளூர்க் காவலர்களே. மாநிலப் பயங்கரவாதத் தடுப்புப் படையின் தலைவர் ஹேமந்த் கர்கரே உள்ளிட்ட மூன்று அதிகாரிகள் ஒரே வாகனத்தில் சென்றபோது கொல்லப்பட்டனர். உயிருடன் பிடிபட்ட ஒரே தாக்குதல்காரனான அஜ்மல் கசாப்பைப் பிடித்தவர்கள் கிர்காம் சௌபாட்டியில் சாலைத் தடுப்பில் நின்ற காவலர்கள். துணை உதவி ஆய்வாளர் நிலையிலிருந்த துக்காராம் ஓம்பளே, துப்பாக்கிக் குழலைக் கையால் பற்றிக்கொண்டு உயிர்நீத்தார். அவருக்கு மறைவுக்குப்பின் அசோகச் சக்கர விருது வழங்கப்பட்டது. நடுவண் அரசின் தேசியப் பாதுகாப்புப் படை, அரியானாவின் மானேசரிலிருந்து புறப்பட்டு, மறுநாள் காலையில்தான் மும்பையை எட்டியது. இதன் பின்னரே 2009இல் மும்பை, சென்னை, கொல்கத்தா, ஐதராபாத் ஆகிய நகரங்களில் அப்படைக்கு வட்டார நிலையங்கள் அமைந்தன. எந்த நடுவண் படை வருவதற்கு முன்னும் களத்தில் நிற்பவர் சாலையோரக் காவலரே என்பது இந்நிகழ்வு உணர்த்தும் பாடம்.

தேசியப் புலனாய்வு முகமை

மும்பைத் தாக்குதல் நடந்த ஒரு மாதத்திற்குள் நாடாளுமன்றம் தேசியப் புலனாய்வு முகமைச் சட்டத்தை நிறைவேற்றியது. என்.ஐ.ஏ. என அறியப்படும் இம்முகமை எவ்வாறு வழக்கைப் பெறுகின்றது என்பதைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு படிப்படியாக வகுத்துள்ளது. அட்டவணைக் குற்றம் ஒன்று பதிவானவுடன், காவல் நிலைய அதிகாரி அதனை மாநில அரசுக்கு அனுப்பவேண்டும். மாநில அரசு அதனை இயன்ற விரைவில் நடுவண் அரசுக்கு அனுப்பவேண்டும். அது கிடைத்த 15 நாள்களுக்குள் வழக்கை முகமையிடம் தருவதா என நடுவண் அரசு முடிவு செய்யும். மாநிலம் அனுப்பாத நிலையிலும் நடுவண் அரசு தானே முன்வந்து உத்தரவிடலாம். முகமை பொறுப்பேற்கும்வரை விசாரணையைத் தொடர்வது காவல் நிலைய அதிகாரியின் கடமையாகும். மாநிலம் புலன்விசாரிக்கும் அதிகாரம், இச்சட்டம் வேறுவகையில் கூறாதவரை, பாதிக்கப்படாது என்கிறது பத்தாம் பிரிவு.

சி.பி.ஐ.க்கு வேண்டிய மாநில இசைவு இம்முகமைக்கு வேண்டியதில்லை. மாநிலங்கள் இதனை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வகையாக நோக்கியுள்ளன. 2014 அக்டோபரில் மேற்கு வங்கத்தின் பர்துவானில் நிகழ்ந்த வெடிவிபத்து வழக்கை, மாநிலக் காவல்துறை விசாரித்துக் கொண்டிருந்தபோதே நடுவண் அரசு முகமையிடம் அளித்தது. காங்கிரசு தலைமையிலான நடுவண் அரசு 2008இல் கொண்டுவந்த இச்சட்டத்தை எதிர்த்து, 2020இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது சத்தீசுகரின் காங்கிரசு அரசு என்பது கருதத்தக்கது.

கைவிடப்பட்ட மையம்

அறிவையும் அதிகாரத்தையும் ஒரே அமைப்பில் இணைக்கும் முயற்சியும் ஒருமுறை நடந்தது. உள்துறை அமைச்சராக இருந்த ப. சிதம்பரம் 2009 டிசம்பரில் தேசியப் பயங்கரவாதத் தடுப்பு மையம் என்னும் கருத்தை முன்வைத்தார். 2012 பிப்ரவரியில் அதற்கான ஆணை வெளியாயிற்று. மையம் ஐ.பி.க்குள் அமையும், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் 43அ பிரிவின்படி சோதனையிடவும் கைது செய்யவும் அதற்கு அதிகாரம் இருக்கும் என அவ்வாணை கூறியது.

ஜெயலலிதா, நவீன் பட்நாயக், மம்தா பானர்ஜி, குஜராத்தின் அந்நாளைய முதலமைச்சர் நரேந்திர மோடி எனக் கட்சி வேறுபாடின்றி முதலமைச்சர் பலர் இதனை எதிர்த்தனர். உளவு அமைப்பு ஒன்று மாநிலத்திற்குள் வந்து கைது செய்வது கூட்டாட்சிக்கு முரண் என்பது அவர்கள் வாதம். 2012 மே மாதம் நடந்த முதலமைச்சர் மாநாட்டிலும், திருத்திய வடிவம் முன்வைக்கப்பட்ட 2013 ஜூன் மாநாட்டிலும் உடன்பாடு எட்டப்படவில்லை. திட்டம் கைவிடப்பட்டது. மாநில உரிமை பற்றிய நிலைப்பாடு கட்சியைவிட அமர்ந்திருக்கும் இருக்கையையே பெரிதும் சார்ந்திருப்பதை மேற்காட்டிய சத்தீசுகர் வழக்கும் இந்நிகழ்வும் ஒருசேரப் புலப்படுத்துகின்றன.

இதே சிக்கலை அமெரிக்கா அணுகிய முறை ஒப்புநோக்கத்தக்கது. 1980இல் நியூயார்க்கில் எஃப்.பி.ஐ.யும் நகரக் காவல்துறையும் இணைந்து கூட்டுப் பயங்கரவாதத் தடுப்புக் குழுவை அமைத்தன. உள்ளூர்க் காவலர் கூட்டரசு அதிகாரியுடன் ஒரே அறையில் அமர்ந்து பணியாற்றுவது இதன் சிறப்பு. ஆயினும், போர்ட்லாந்து நகரம் 2005இல் இவ்வேற்பாட்டிலிருந்து விலகியது. தம் காவலர்கள் அங்கு ஆற்றும் பணியை மேற்பார்வையிட வேண்டிய மேயருக்கே அதற்கான இரகசியப் பாதுகாப்பு அனுமதி தரப்படாதது முதன்மைக் காரணம். எனவே, நம்பிக்கை இருதிசையிலும் ஓடவேண்டும் என்பது இந்தியாவுக்கு மட்டும் உரிய படிப்பினை அன்று.

மாலேகான்: ஒத்துழைப்பும் ஆமோதிப்பும்

அமைப்புகள் ஒன்றுபட்டால் நீதி தானே விளையும் எனக் கருதுதல் தவறாகும். 2006 செப்டம்பர் 8ஆம் நாள் மகாராட்டிரத்தின் மாலேகானில் நடந்த குண்டுவெடிப்புகளில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மாநிலப் பயங்கரவாதத் தடுப்புப் படை ஒன்பது முஸ்லிம் ஆடவரைக் குற்றவாளிகளாகக் காட்டியது. பின்னர் விசாரித்த சி.பி.ஐ.யும் அம்முடிவையே ஏற்றது. 2011இல் வழக்கைப் பெற்ற தேசியப் புலனாய்வு முகமை, அவர்களுக்கு எதிராகச் சான்று இல்லை எனக் கண்டு, வேறொரு குழுவினர் மீது குற்றஞ்சாட்டியது. ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்குப் பின், 2011 நவம்பரில் அவர்களுக்குப் பிணை கிடைத்தது. 2016இல் நீதிமன்றம் அவர்களை வழக்கிலிருந்து விடுவித்தது.

மாநில அமைப்பும் நடுவண் அமைப்பும் ஒரே முடிவைச் சொன்னதால் அம்முடிவு உண்மையாகிவிடவில்லை. ஒத்துழைப்பு என்பது ஆமோதிப்பு அன்று. ஓர் அமைப்பு கண்டதை மற்றோர் அமைப்பு புதிய கண்ணோடு ஆராயும்போதே இரண்டு அமைப்புகள் இருப்பதன் பயன் கிட்டுகின்றது. தடுக்கத் தவறிய தாக்குதலில் உயிர்கள் போகின்றன. தவறான கைதிலோ குற்றமற்றவர் வாழ்வின் ஆண்டுகள் போகின்றன. இரண்டும் இழப்பே.

கோவை, 2022

அண்மைக்காலத் தமிழக நிகழ்வு ஒன்று மேற்கூறிய இழைகளை எல்லாம் ஒன்று சேர்க்கின்றது. 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்திய நாள் விடியலில், கோயம்புத்தூர் உக்கடம் பகுதியில் கோட்டை ஈசுவரன் கோயில் முன்பு எரிவாயு உருளையுடன் இருந்த மகிழுந்து வெடித்ததில் அதனை ஓட்டிவந்தவர் இறந்தார். மாநிலக் காவல்துறை சில நாள்களிலேயே அவருடைய கூட்டாளிகள் எனப்பட்டோரைக் கைது செய்தது. வீட்டிலிருந்து வெடிபொருள் மூலப்பொருள்களையும் கைப்பற்றியது. 26ஆம் நாள் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வழக்கை மாற்றப் பரிந்துரைத்தார். மறுநாள் முகமை வழக்கைப் பதிவு செய்தது.

முன்னுரையில் குறிப்பிட்ட நான்கு நாள் இதுவே. அக்காலத்தில் ஆளுநராக இருந்த ஆர்.என். ரவி இத்தாமதத்தைக் குறைகூறினார். சட்டம் வகுத்த படிகளோடு ஒப்பிட்டால் நான்கு நாள் நீண்ட காலம் அன்று; அந்நாள்களில் விசாரணையும் நின்றுவிடவில்லை. நடுவண் அரசு முன்கூட்டியே எச்சரித்தது என ஒரு தரப்பும், அது எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பப்பட்ட பொதுச் சுற்றறிக்கை என மாநிலக் காவல்துறையும் வாதிட்டன. ஆனால், இவற்றினும் சிந்திக்கத்தக்க செய்தி வேறொன்று உள்ளது. இறந்தவர் 2019இலேயே தேசியப் புலனாய்வு முகமையால் விசாரிக்கப்பட்டவர். விசாரித்து விடப்பட்ட ஒருவரைத் தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பு விசாரித்த முகமைக்கு உரியதா, அவர் வாழும் தெருவுக்குரிய காவல் நிலையத்திற்கு உரியதா? வழக்கு மாறும் முறையை எழுதிவைத்த சட்டம், வழக்கு இல்லாத இடைக்காலத்திற்கு இவ்வளவு தெளிவான விதியை எழுதிவைக்கவில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, பயங்கரவாதம் மாநில எல்லையைக் கடந்தது. ஆயினும் அதன் முதல் தடயம் ஏதேனும் ஒரு காவல் நிலைய எல்லைக்குள்தான் புலப்படுகின்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் இதனை உறுதிசெய்கின்றது. பயங்கரவாதச் செயலை அதன் 113ஆம் பிரிவின்கீழ்ப் பதிவதா, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவதா என முடிவு செய்யும் பொறுப்பை, காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியிடம் அது விட்டுள்ளது.

இரண்டாவது, மாநிலங்களின் இடத்தைச் சட்டத்திலேயே வரையறுத்த முகமை நிலைபெற்றது. அவற்றைக் கலந்துகொள்ளாது ஆணையால் பிறந்த மையம் தொடங்கும் முன்பே முடிந்தது. மூன்றாவது, இணைந்து செயற்படும் அமைப்புகள் ஒன்றையொன்று திருத்தும் உரிமையையும் இழக்காதிருத்தல் வேண்டும்.

வகுப்பறையில் இந்தியக் கூட்டாட்சியைக் கற்பிக்கும் ஆசிரியர், அதிகாரப் பட்டியல்களை மனப்பாடப் பகுதியாக மட்டும் நிறுத்திவிடுதல் போதாது. அப்பட்டியலின் இரண்டு பதிவுகளுக்கு இடையேயுள்ள இடைவெளியில்தான் ஒரு நகரின் பாதுகாப்பும் ஒரு குடிமகனின் விடுதலையும் ஊசலாடுகின்றன என்பதை மாணவர் உணருமாறு செய்தல் நன்று.