மலை ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறதா? காலைக் குறை சொல்லும் முன் கியரைப் பாருங்கள்

திருப்பத்தூரிலிருந்து ஆலங்காயம் வரை சைக்கிளில் போவது பெரிய விஷயமில்லை. அதைத் தாண்டி ஜமுனாமரத்தூர் சாலையில் ஜவ்வாது மலை ஏறத் தொடங்கும்போதுதான் கதை மாறும். இந்தச் சாலையில்தான் காவலூர் இருக்கிறது. 1986-ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ள வைணு பாப்பு வானாய்வகம் அங்கே, கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. திருப்பத்தூர் நகரமோ சுமார் 390 மீட்டர் உயரத்தில்தான். இடையில் இருக்கும் 300 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தைச் சைக்கிள் ஓட்டுபவர் தன் சொந்தக் காலால் சம்பாதிக்க வேண்டும்.

கல்லூரி நாட்களில் சைக்கிளில் சுற்றியவர்கள், 2020 பொது முடக்கத்தில் ஆசையாக ரோடு பைக் வாங்கியவர்கள், வேலை, கல்யாணம், குழந்தை என்று சில வருடம் அதைத் தொடாமல் இருந்தவர்கள் எல்லோரும் மறுபடி ஓட்ட ஆரம்பிக்கும்போது முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். சமவெளியில் சைக்கிள் பறக்கும். முதல் மேட்டிலேயே முழங்கால் கெஞ்சும். இறங்கித் தள்ளிக்கொண்டே, 'நமக்கு வயசாயிடுச்சு, இனி இது ஒத்துவராது' என்று முடிவு கட்டி, சைக்கிள் மறுபடி அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தூசி படியப் போய்விடும்.

அந்த முடிவு பல நேரம் தவறு. குறை காலில் இல்லை, கியரில் இருக்கிறது. அதைச் சரிசெய்யப் புது சைக்கிள் வாங்க வேண்டியதில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

75 கிலோ எடை உள்ள ஒருவர், தண்ணீர் பாட்டிலோடு சேர்த்து 10 கிலோ சைக்கிளில் 7 சதவீத ஏற்றத்தில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 7 சதவீதம் என்றால் 100 மீட்டர் முன்னே போனால் 7 மீட்டர் மேலே ஏறுவது. மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் இந்த மேட்டை ஏற அவருக்குச் சுமார் 140 வாட் சக்தி வேண்டும். பழைய சீலிங் ஃபேன் இரண்டை ஓட்டும் அளவு. நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருபவருக்கும் கொஞ்சம் பயிற்சிக்குப் பின் எட்டக்கூடிய சக்திதான் இது.

கேள்வி என்னவென்றால், அந்த 140 வாட்டை அவர் நிமிடத்துக்கு எத்தனை மிதியில் கொடுக்கிறார் என்பதுதான். முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையும், பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையும் சேர்ந்துதான் இதை முடிவு செய்கின்றன. அதே வேகம், அதே மேடு, மூன்று விதமான சைக்கிள்:

• முன்னால் 39 பல், பின்னால் 25 பல் (பந்தயக்காரர்களுக்கான பழைய அமைப்பு): ஒரு சுற்று மிதித்தால் சுமார் 3.3 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு சுமார் 40 சுற்றுதான் மிதிக்க முடியும்.

• முன்னால் 34, பின்னால் 28: ஒரு சுற்றுக்கு சுமார் 2.5 மீட்டர். நிமிடத்துக்கு 52 சுற்று.

• முன்னால் 34, பின்னால் 34: ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 63 சுற்று.

செலவாகும் சக்தி மூன்றிலும் ஒன்றுதான். ஆனால் முதல் சைக்கிளில் ஒவ்வொரு மிதியிலும் கொடுக்க வேண்டிய அழுத்தம், மூன்றாவதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். 50 கிலோ மூட்டையை இரண்டு நடையில் தூக்கி வைப்பதற்கும் ஐந்து நடையில் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் போல. மொத்த வேலை ஒன்றுதான், முதுகு படும் பாடு வேறு. இங்கே முதுகுக்குப் பதில் முழங்கால். மெதுவான, கனமான மிதியில் தொடைத் தசை சீக்கிரம் களைக்கும், முழங்கால் மூட்டில் அழுத்தம் கூடும். லேசான கியரில் சுற்றி மிதித்தால் அந்தச் சுமையில் ஒரு பகுதி மூச்சுக்கும் இதயத்துக்கும் மாறும். மூச்சு சில நிமிட ஓய்வில் திரும்பிவிடும். முழங்கால் வலி வாரக்கணக்கில் நிற்கும்.

'லேசான கியர்' என்பது கௌரவக் குறைச்சலா?

சைக்கிள் ஓட்டுபவர்களிடையே இந்த எண்ணம் இன்றைக்கும் உண்டு. பின்னால் பெரிய பல்சக்கரத்தைப் பார்த்தால் 'இது என்ன, சாப்பாட்டுத் தட்டு மாதிரி?' என்று கிண்டல் வரும்.

இந்தக் கிண்டலுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. டூர் டி ஃபிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்ச், கியர் மாற்றும் வசதி நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் என்ற பொருளில் 1902-ல் எழுதினார். ஓடும்போதே கியர் மாற்றித் தரும் 'டிரெய்லர்' கருவி பல ஆண்டுகளாகச் சுற்றுலா சைக்கிள்களில் இருந்தும், அவர் நடத்திய பந்தயத்தில் அதற்கு அனுமதி இல்லை. பொறுப்பு அவர் கையிலிருந்து மாறிய பிறகு, 1937-ல்தான் அனுமதி கிடைத்தது. இன்றோ அந்தப் பந்தயத்தில் கியர் இல்லாத சைக்கிளைப் பார்க்கவே முடியாது. செங்குத்தான மலைகளில் தொழில்முறை வீரர்களே பின்னால் 30, 32, 34 பல் சக்கரம் போட்டுத்தான் ஏறுகிறார்கள். முழுநேரமும் பயிற்சி செய்பவருக்கே அது தேவைப்படும்போது, வாரத்தில் ஐந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் வெட்கப்பட என்ன இருக்கிறது?

எதை மாற்றலாம்? எது முடியாது?

முதலில் பல்லை எண்ணுங்கள். பெரும்பாலும் சக்கரத்திலேயே எண் பொறித்திருக்கும். உங்கள் சைக்கிளின் முன்பக்கச் சின்னச் சக்கரமும் பின்பக்கப் பெரிய சக்கரமும் எத்தனை பல் என்று பாருங்கள். முன்பக்க எண்ணைப் பின்பக்க எண்ணால் வகுத்தால் 1-க்குப் பக்கத்தில் வர வேண்டும். 1.3-க்கு மேல் வந்தால், பயிற்சி விட்டுப்போனவருக்கு மலைச்சாலை கஷ்டம்தான்.

பின்சக்கரப் பல் அடுக்கு, அதாவது கேசட்: குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது இதுதான். ஆரம்ப நிலை ரோடு பைக்குகளில் வரும் 8, 9 கியர் கேசட்டுகள், விலை உயர்ந்த சைக்கிள்களின் 11, 12 கியர் கேசட்டுகளைவிட மலிவு. ஷிமானோவின் 8, 9 கியர் வகைகளில் மவுன்டன் பைக் கேசட்டையே ரோடு பைக்கிலும் மாட்டலாம் என்பது கூடுதல் வசதி.

டிரெய்லர்: எவ்வளவு பெரிய பல்சக்கரத்தை வேண்டுமானாலும் பின்னால் மாட்டிவிட முடியாது. குட்டையான டிரெய்லர் பொதுவாக 28 அல்லது 30 பல் வரைதான் தாங்கும். நீளமானது 32, 34 வரை போகும். மாடல் எண்ணைக் கடைக்காரரிடம் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் கேசட் வாங்க வேண்டும்.

செயின்: பெரிய கேசட்டுக்குப் பழைய செயின் நீளம் போதாமல் போகலாம். முன்னாலும் பின்னாலும் பெரிய சக்கரத்தில் ஒரே நேரத்தில் செயின் விழுந்து இழுத்தால் டிரெய்லரே பிய்ந்துவிடும். பல வருடம் ஓடித் தேய்ந்த செயின் புது கேசட்டில் சரியாக உட்காராது, பல்லையும் தின்றுவிடும். இரண்டையும் சேர்த்து மாற்றுவதே லாபம்.

முன்பக்கம்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 53-39 பல் கொண்ட பழைய கிராங்கில் பெரும்பாலும் போல்ட்டுகளின் வட்டம் 130 மில்லிமீட்டர். அதில் 38 பல்லுக்குக் குறைந்த சக்கரத்தை மாட்டவே முடியாது. 34 பல் வேண்டுமென்றால் 110 மில்லிமீட்டர் வட்டம் உள்ள 'காம்பாக்ட்' கிராங்கையே வாங்க வேண்டும். செலவு கூடும். அதனால் முதலில் பின்பக்கத்தை மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, போதவில்லை என்றால் மட்டும் முன்பக்கம் போகலாம்.

ஷூ: விலை அல்ல, அடிப்பாகம்

கியருக்கு அடுத்து ஷூ. இங்கேயும் விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்ற நினைப்பு உண்டு. ஒரே சீரான வேகத்தில் மிதிக்கும்போது, சாதாரண ஷூவுக்கும் பெடலில் பூட்டிக்கொள்ளும் ஷூவுக்கும் சக்திச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே இதைச் சோதித்த ஆய்வுகள் காட்டுகின்றன. பூட்டும் ஷூவின் நன்மை வேறு: கால் நழுவாது, பாதம் ஒரே இடத்தில் இருக்கும், எழுந்து நின்று மிதிக்கும்போது தைரியம் வரும்.

மறுபடி தொடங்குபவர் முதல் ஓரிரு மாதம் தட்டையான பெடலிலேயே ஓட்டலாம். அதற்கு ஓட்டப் பயிற்சி ஷூ சரிவராது. அதன் மெத்தென்ற அடிப்பாகம் ஒவ்வொரு மிதியிலும் அமுங்கும். நேரம் ஆக ஆகப் பாதத்தின் நடுவில் வலி, விரல் மரத்துப்போவது எல்லாம் வரும். அடிப்பாகம் தட்டையாகவும் விறைப்பாகவும் உள்ள கேன்வாஸ் ஷூவே இதற்கு மேல். கடையில் ஷூவின் முனையையும் குதிகாலையும் பிடித்து மடக்கிப் பாருங்கள். சுலபமாக மடங்கினால் வேண்டாம். கயிற்றின் நுனியை உள்ளே செருகிவிட வேண்டும், வலது பக்கச் செயினில் மாட்டினால் ஆபத்து.

பூட்டும் ஷூதான் வேண்டும் என்றால் இரண்டு வகை உண்டு. அடியில் மூன்று ஓட்டை உள்ளது பந்தயத்துக்கானது. பெரிய பிளாஸ்டிக் கட்டை வெளியே துருத்திக்கொண்டிருக்கும், டீக்கடைத் தரையில்கூட வழுக்கும். இரண்டு ஓட்டை உள்ள எஸ்.பி.டி. வகை 1990-ல் ஷிமானோ கொண்டுவந்தது. இதில் சின்ன உலோகத் துண்டு ரப்பர் அடிப்பாகத்துக்குள் புதைந்திருக்கும். மேட்டில் இறங்கித் தள்ள நேர்ந்தாலும் சாதாரணமாக நடக்கலாம். மலைச்சாலைக்குப் போகும் புதியவருக்கு இதுவே பொருத்தம்.

வாங்கும்போது கவனிக்க:

• செருப்பிலேயே வளர்ந்த பாதம் முன்பக்கம் அகலமாக இருக்கும். பல சைக்கிள் ஷூக்கள் ஒடுக்கமானவை. சாயங்காலம், பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் போய்ப் போட்டுப் பாருங்கள்.

• எஸ்.எச்.56 என்ற துண்டு பல திசையில் கழலும். எஸ்.எச்.51 குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் கழலும். பயம் இருப்பவர்கள் 56-ல் தொடங்கலாம்.

• பெடலில் உள்ள சின்னத் திருகைத் தளர்த்தி வைத்தால் கால் சுலபமாக விடுபடும். சுவரைப் பிடித்துக்கொண்டு இருபது முப்பது தடவை பூட்டி, கழற்றிப் பழகிய பிறகே சாலைக்குப் போக வேண்டும்.

• பெடலை நீங்களே மாற்றுவதாக இருந்தால் ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: இடது பெடலின் மரை தலைகீழ். வழக்கம்போலத் திருகினால் இறுகும்.

மேலே போகும் முன்

காசே செலவில்லாத ஒரு திருத்தமும் உண்டு. சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் நேராக நீள வேண்டும். மடங்கியே இருந்தால் சீட் தாழ்வு. முழங்காலின் முன்பக்க வலிக்கு இது முக்கியக் காரணம்.

வருடக்கணக்கில் நின்ற சைக்கிளின் டயரில் வெடிப்பு இருக்கிறதா, பிரேக் கட்டை கெட்டியாகிவிட்டதா என்று பார்ப்பது கட்டாயம். ஏறுவதற்கு கியர் வேண்டும் என்றால், இறங்குவதற்கு பிரேக் வேண்டும். வளைவுக்குள் போய் பிரேக் பிடிப்பதைவிட, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதுதான் சரி. விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் சக்கர விளிம்பு சூடாகும். விட்டு விட்டு, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள், நெஞ்சு வலி வந்தவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. மற்றவர்களுக்கு எளிய அளவுகோல் பேச்சு: ஏறும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் சரியான வேகம். இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை என்றால் கியரைக் குறைக்க வேண்டும். குறைக்க கியர் இல்லை என்றால் நிற்க வேண்டும். கோடையில் திருப்பத்தூர் வெயில் இரக்கம் பார்க்காது. விடியலில் கிளம்பி, வெயில் ஏறும் முன் மலையில் இருப்பதே புத்தி.

எந்த மலை முதலில்?

முதல் சில வாரம் ஆலங்காயம் வரை சமவெளியில் போய்த் திரும்பினாலே போதும். அப்புறம் காவலூர் சாலையில் முடிந்த இடம் வரை ஏறி, அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டலாம். ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் பொன்னேரியிலிருந்து தொடங்கும் ஏலகிரி மலைச்சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அங்கே ஒவ்வொரு வளைவையும் ஒரு தவணையாக வைத்துக்கொண்டு, இன்று நான்கு, அடுத்த முறை ஏழு என்று ஏறலாம். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட நீலகிரியின் கல்லட்டி எங்கும் ஓடிப்போகாது.

நடுவில் இறங்கித் தள்ள நேர்ந்தால்? தள்ளலாம். அதற்குத்தான் நடக்க வசதியான ஷூ. மூச்சு திரும்பியதும் மறுபடி ஏறி உட்கார்ந்து, பின்னால் இருக்கும் அந்தப் பெரிய 'சாப்பாட்டுத் தட்டில்' செயினைப் போட்டு மெதுவாக மிதித்தால், காவலூரின் வெள்ளைக் கோபுரத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தும் நாள் வரும். எந்த கியரில் வந்தீர்கள் என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.